முப்பத்து மூன்றாவது பெட்டி

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் பெருங்களத்தூரைத் தாண்டிப் போனால் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் வரும். நோயில் செத்த மாடு, ஆடு, நாய், கோழிகளின் உறுப்புகள், அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் ஊற்றிய பாட்டில்களில் அங்கே வந்து சேரும். எதனால் செத்தது என்று பார்த்துச் சொல்வது டாக்டர்களின் வேலை. அந்த உறுப்பில் ஒரு துண்டை மெழுகில் புதைத்துக் கட்டையாக்கி, மைக்ரோடோம் என்கிற இயந்திரத்தில் வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றி, அவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்படி ஸ்லைடாக்கிக் கொடுப்பது என் வேலை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கைநாட்டுதான். அப்பா பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் இருந்தார். பி.எஸ்ஸி. முடித்து, டெக்னீஷியன் பயிற்சியும் முடித்து நான் வேலையில் சேர்ந்த அன்று, "அங்க இன்னா வேலை?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். "அப்ப நானும் மாட்டத்தான் சொரண்டறேன், நீயும் மாட்டத்தான் சொரண்டறே. உனக்கு ஃபேன் போட்டுக் குடுப்பாங்க, அவ்ளோதானே?" என்றார். உண்மையில் ஃபேனும் கிடையாது. ஃபேன் போட்டால் சீவல் பறந்துவிடும்.

ஆனாலும் அவருக்கு உள்ளூர சந்தோஷம். மைக்ரோடோம் கத்தியைத் தீட்டத் தோல் பட்டை வேண்டும் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுவாரமே எருமைத் தோலில் ஒரு முழ நீளத்துக்குப் பட்டை கொண்டுவந்தார். கூடத்தில் இருந்த எல்லாப் பட்டைகளையும்விட அதுதான் நன்றாக இருந்தது. அதில் தீட்டிய கத்தியால் நான் சீவினால் ஒரு சீவலோடு அடுத்த சீவல் ஒட்டிக்கொண்டு, கிழிசலோ சுருக்கமோ இல்லாமல் ரிப்பன் போல நீண்டு வரும். இருபத்து மூன்று வயதில் எனக்கு அதில் அவ்வளவு பெருமை. வெட்டியவர் யார் என்று தெரிவதற்காக ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் வைரமுனைப் பென்சிலால் பெயரின் முதலெழுத்தைக் கீறவேண்டும். மற்றவர்கள் அவசரமாக ஒரு கோடு போல இழுத்துவிடுவார்கள். நான் நிறுத்தி, வடிவாகக் கீறுவேன். கைநாட்டு வீட்டிலிருந்து வந்தவளுக்குத் தன் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது அலுக்காது.

எண்பதுகள் முடியப்போகும் சமயம். வருடந்தோறும் பொங்கல் கழிந்து எங்கள் கூடத்தில் இரண்டு நாள் மாநாடு நடக்கும். கால்நடை மருத்துவம் முடித்து, நோய்க்குறியியலில் மேற்படிப்பு படிக்கும் மாணவர்கள் பல ஊர்களிலிருந்து வருவார்கள். எங்கள் கூடத்திலேயே படிக்கும் மாணவர்களும் வெளியூர்ப் பேராசிரியர்கள் சிலரும் இருப்பார்கள். மாநாடு என்று துணியில் எழுதி வாசலில் கட்டினாலும் அது பாதி வகுப்பு, பாதி பரீட்சை. முதல் நாள் பேச்சுகள். இரண்டாம் நாள்தான் முக்கியம். ஒவ்வொருவருக்கும் பத்து ஸ்லைடுகள் அடங்கிய பெட்டி ஒன்று. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அந்த விலங்கின் கதை இரண்டு வரியில். மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதவேண்டும். பிறகு எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு கேஸாக விவாதம். அந்த வருடம் முதலில் வருபவரை வடக்கே நடக்கும் அகில இந்திய மாநாட்டுக்கு அனுப்புவதாக முடிவு செய்திருந்தார்கள்.

ஏற்பாடுகள் என் தலையிலும் இன்னொருவர் தலையிலும். அவர் எங்கள் மூத்த டெக்னீஷியன். தாம்பரத்துக்காரர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மைக்ராஸ்கோப் போதாமல் பக்கத்துக் கல்லூரிகளில் இரவல் வாங்கி, போர்வையில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவருவோம். அவற்றில் பாதி, பல்புக்குப் பதில் அடியில் முகம்பார்க்கும் கண்ணாடி வைத்த பழைய மாதிரி. வெயில் வெளிச்சத்தில்தான் வேலை செய்யும். அதனால் பரீட்சை எப்போதும் காலையில், வடக்குப் பக்க ஜன்னல் ஓரம். சமையல்காரரிடம் அண்ணா ஒவ்வொரு வருடமும் மறக்காமல் சொல்வார்: "தோ பாரு, இவங்களுக்கு ஈரல் வறுவல் மட்டும் போட்டுராத. துன்ன மாட்டாங்க, இன்னா நோவுன்னு பாத்துகினே இருப்பாங்க."

முப்பத்தாறு பேர், பத்து கேஸ். முந்நூற்று அறுபது ஸ்லைடுகளையும் நானே வெட்டுகிறேன் என்று முன்வந்தேன்.

ஒரே கட்டையிலிருந்து முப்பத்தாறு சீவல் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நோய் இருக்கும் இடம் சிறியதாக இருந்தால், சீவிக்கொண்டே போகும்போது அது குறைந்து குறைந்து ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். முதல் ஸ்லைடில் இருப்பது கடைசி ஸ்லைடில் இருக்காது. அதனால் கூடத்தில் ஒரு வழக்கம்: முதல் ஸ்லைடையும் கடைசி ஸ்லைடையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகு மைக்ராஸ்கோப்பிலும் பார்க்கவேண்டும்.

ஏழாவது கேஸ் ஒரு பசுவின் நுரையீரல். அதில் காசநோய்க் கட்டி ஒன்று, ரோஜா நிறத்துக்கு நடுவே ஊதாப் புள்ளியாகத் தெரியும். பழைய கட்டை, எங்கள் மாணவர்களுக்கு வகுப்பில் பலமுறை காட்டிய கேஸ். வெளியூர்க்காரர்களுக்குத்தான் புதிது. மாநாட்டுக்கு முந்தைய நாள் இருபத்து நான்கு சீவல் முடித்திருந்தேன். அப்போது ஏதோ பண்ணையில் ஆடுகள் கொத்துக் கொத்தாகச் செத்து, அவசர மாதிரி ஒன்று வந்துவிட்டது. அண்ணாவுக்கு மைக்ரோடோம் தேவைப்பட்டது. என் கட்டையைக் கழற்றிவைத்துவிட்டு மைக்ராஸ்கோப் வாங்கிவரக் கிளம்பினேன். திரும்பி வந்து மறுபடி பொருத்தினேன். கழற்றிய கட்டை பழைய மட்டத்தில் உட்காராது. மட்டம் கிடைக்கும்வரை மேல்பகுதியைச் சீவித் தள்ளியாகவேண்டும். தள்ளினேன். எவ்வளவு போயிற்று என்று எண்ணவில்லை. மீதி பன்னிரண்டையும் வெட்டி, சாயம் ஏற்றி, வெட்டிய வரிசையிலேயே பெட்டிகளில் அடுக்கியபோது அண்ணா கேட்டார்:

"இன்னாம்மா, ஏழாவது கேஸு கடைசி ஸ்லைடு பாத்தியா?"

"பாத்துட்டேண்ணா."

பார்க்கவில்லை. என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. தெற்கிலிருந்து ரயிலில் வரும் ஒரு மாணவியை அழைத்துவரத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய அவசரமும் இருந்தது.

முப்பத்தாறு பேரில் அவள் ஒருத்திதான் பெண். ரயில் தாமதமாக வந்தது. மாநாட்டின் பெயர் எழுதிய அட்டையோடு நின்ற என்னைப் பார்த்ததும் நேரே வந்து, கையில் இருந்த பையை நீட்டினாள். "இதைத் தூக்கிக்கோ. கீழ வைக்காத, புக்ஸ் இருக்கு."

"நான் டெக்னீஷியன், மேடம்" என்றேன்.

"சரி சரி. ஆட்டோ எங்க நிக்கும்?"

என் வயதுதான் இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். கன்னத்தில் சூடு ஏறியது நினைவிருக்கிறது.

ஆட்டோவில் அவளாகவே பேசினாள். அப்பா அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாராம். "ஊசி போடறவங்கதான் டாக்டர்னு எங்க வீட்ல நினைப்பு. செத்த மாட்டைப் பாக்கறதுக்கு எதுக்கு இன்னும் மூணு வருஷம் படிப்புன்னு கேக்கறாங்க. இதுல செலக்ட் ஆனா பி.எச்டி. சேர விடறேன்னு அப்பா சொல்லியிருக்கார். இல்லைன்னா திரும்பிப் போனதும் அந்த விண்ணப்பத்துல கையெழுத்துப் போடணும்." சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த அப்பா இருப்பதே பெரிய வரம் என்று நினைத்தேன்.

பெட்டிகள் பெயர் பதிந்த வரிசைப்படி. விருந்தாளிகள் முதலில், எங்கள் மாணவர்கள் கடைசியில் என்பது மரியாதை. தாமதமாக வந்ததால் அவள் எங்கள் மாணவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். முப்பத்து மூன்றாவது பெட்டி. கடைசிப் பெட்டியான முப்பத்தாறு, எங்கள் துறைத் தலைவரின் சொந்த மாணவருக்கு. துறைத் தலைவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். அவருடைய மாணவர் கெட்டிக்காரர். முதலில் வரப்போவது அவர்தான் என்று கூடத்தில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

இரண்டாம் நாள் காலை நல்ல வெயில். பார்ப்பது முடிந்து, விடைத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் விவாதத்தைத் தொடங்கினார். ஆறு கேஸ் வரை அவளும் பெரிய டாக்டரின் மாணவரும் ஒரு மார்க்கும் விடவில்லை. ஏழாவது கேஸ் வந்தது. ஆறு வயதுப் பசு, மூன்று மாதமாக இருமல், மெலிந்து செத்தது. முப்பத்தைந்து பேர் காசநோய் என்று எழுதியிருந்தார்கள். ஒரு தாளை மட்டும் தனியே எடுத்துப் படித்தார்: "இந்தச் சீவலில் நோய் எதுவும் இல்லை. இன்னும் ஆழத்தில் வெட்டிப் பார்க்கவேண்டும்."

"யார் இது?"

அவள் எழுந்தாள்.

"முப்பத்தஞ்சு பேர் கண்ணுக்குத் தெரியுது. உங்களுக்கு மட்டும் இல்லையாம்மா?"

"என் ஸ்லைடுல இல்லை சார்."

பக்கத்தில் இருந்து பெரிய டாக்டரின் மாணவர், "மேடம், லென்ஸைத் துடைச்சுட்டுப் பாத்தீங்களா?" என்றார். இன்னொருவர், "ஆழமா வெட்டணும்னா மாடு தாங்காதே" என்றார். கூடமே சிரித்தது. அவள் உட்காராமல் நின்றாள். "இருமல், மெலிவுன்னு போட்டிருக்கு. எனக்கும் டி.பி.னுதான் தோணுச்சு. ஆனா ஸ்லைடுல இல்லாததை எப்படி சார் எழுதறது?" மறுபடி சிரிப்பு. பெரிய டாக்டரும் புன்னகைத்துவிட்டு எட்டாவது கேஸுக்குப் போனார்.

பின்வரிசையில் லென்ஸ் துடைக்கும் காகிதத்தோடு நான் நின்றிருந்தேன். நானும் சிரித்தேன். ஸ்டேஷனில் பையைத் தூக்கிய தோளில் வலி குறைந்த மாதிரி இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனதும் பெட்டிகளைச் சேகரித்தேன். முப்பத்து மூன்றாவது பெட்டியைப் பார்க்கவேண்டும் என்று கை துறுதுறுத்தது. இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவளுக்குத் தெரியாத புள்ளியை நான் பார்த்துவிடவேண்டும் என்கிற குறும்புதான். ஏழாவது ஸ்லைடை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.

சுத்தமான ரோஜா நிறம். புள்ளி இல்லை.

துடைத்துவிட்டுப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்து மூலைக்கு மூலை நகர்த்தினேன். நல்ல நுரையீரல், நோயே இல்லாத நுரையீரல். ஓரத்தில் நான் வடிவாகக் கீறிய என் எழுத்து. வரிசையாக எல்லாப் பெட்டியிலிருந்தும் ஏழாவது ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இருபத்து நான்கு வரை எள்ளளவு புள்ளி. இருபத்தைந்தில் பாதி. முப்பதில் ஊசிமுனை. முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறு வரை ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஆறு ஸ்லைடில் நோய் இல்லை. ஆனால் இல்லை என்று எழுதியது ஒருத்தி. மற்ற ஐந்து பேரும் எங்கள் மாணவர்கள். இரண்டு வரிக் கதையைப் படித்ததுமே வகுப்பில் பார்த்த பசு என்று தெரிந்துவிட்டது. இல்லாததைப் பார்த்ததாக எழுதிவிட்டார்கள்.

அண்ணா வாழையிலை முன்னால் ரசத்துக்குக் குழி செய்துகொண்டிருந்தார். குனிந்து காதோடு சொன்னேன்.

"பாத்தேன்னு சொன்னியேம்மா?"

"பொய்ண்ணா."

சுற்றிலும் பார்த்தார். "வுடு. ஸ்லைடை உள்ள போட்டுப் பூட்டு. அந்தப் பொண்ணு சாயங்காலம் ரயில் ஏறிப் பூடும். நீ இங்கியேதான் இருக்கணும். பெரிய டாக்டராண்ட படிக்கற பையனையும் சேத்து மாட்டிவுட்டா சும்மா வுடுவாங்களா? இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வந்து துன்னு."

உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது. எதிர் வரிசையில் அவள் தனியாக உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. அவள் முகத்தைவிட அந்த விரல்கள்தான் என்னை எழுப்பின. எழுந்து கை கழுவிக்கொண்டு ஆறு ஸ்லைடையும் தட்டில் வைத்துப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்தேன். இடது கையால் ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கடைசி ஸ்லைடைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

"முப்பத்தாறு நம்ம பையனுது."

"ஆமா சார்."

"கடைசி ஸ்லைடு செக் பண்ணலையா நீ?"

"பண்ணலை சார். பண்ணினேன்னு பொய் சொன்னேன்."

"சரி. அந்தப் பொண்ணுக்கு மார்க் போட்டுடறேன். நீ போகலாம்."

கதவு வரை போனேன். திரும்பி நின்றேன். "சார், அவங்களைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மார்க் மட்டும் மாத்தினா எதுக்கு மாத்தினீங்கன்னு யாருக்கும் தெரியாது. தப்பு என்னுது. நானே சொல்லிடறேன்."

அவர் டிபன் பாக்ஸை மூடினார். என்னைப் பார்க்காமல், "ஜன்னல் ஓரமா ஆறு மைக்ராஸ்கோப் வை. கை கழுவிட்டு வரேன்" என்றார்.

எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் என்னை முன்னால் கூப்பிட்டார். அந்தக் கூடத்தில் முன்னால் வந்து நிற்பவர்கள் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். நானும் மனதுக்குள் இங்கிலீஷில் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. தமிழில் சொன்னேன்: கட்டையைக் கழற்றி மாட்டினேன், கடைசி ஸ்லைடைப் பார்க்கவில்லை, முப்பத்தொன்று முதல் முப்பத்தாறு வரை நோய் இல்லை, அந்த மேடம் எழுதியது சரி. அவ்வளவுதான். உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் போய் நின்றேன்.

பெரிய டாக்டர் அந்த ஐந்து பேரையும் அழைத்துத் தங்கள் ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொன்னார். அவருடைய மாணவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் திருப்பினார், லென்ஸை மாற்றினார். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது.

"இல்லை சார்."

"காலைல இருந்துதா?"

"இல்லை சார். நம்ம கிளாஸ்ல பாத்த கேஸ்னு..."

"தெரிஞ்சதை எழுதச் சொல்லலைப்பா. பாத்ததை எழுதச் சொன்னேன்." குரல் உயரவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, "இது எங்க கேஸ். இதைப் பரீட்சையில வெச்சது என் தப்பு" என்று வெளியூர்ப் பேராசிரியர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து, ஒன்றுமில்லாத அந்த ஆறு ஸ்லைடையும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் எழுந்து வரவில்லை. அவள்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டாளே.

வடக்கே போக அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாலையில் ஸ்டேஷனுக்கு நானே கூடப் போனேன். பையை எடுக்கப் போனபோது, "வேண்டாம், நான் வெச்சுக்கறேன். நீங்க வாங்க" என்றாள். நடைமேடைக்குப் போனோம். ரயில் வரும் சத்தம் கேட்டபோது, "இன்னும் ஆழத்துல வெட்டினா ஏதாவது இருக்குமா?" என்று கேட்டாள்.

"கட்டை தேஞ்சுபோச்சு மேடம். கொஞ்சம்தான் மிச்சம்."

"ஆழமா வெட்டணும்னு எழுதிக் கேட்டது நான்தானே. வெட்டிப் பாருங்களேன்."

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அப்பா நடுவில் நிறுத்தி, "வேலை போச்சா?" என்று கேட்டார். இல்லை, எச்சரிக்கைக் கடிதம் மட்டும்தான் வரும் என்றேன். அம்மா தட்டை வைத்தாள். "மத்தியானமும் துன்னலியா நீ?" என்றார் அப்பா.

மறுநாள் கடிதம் வந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டு, கடைசி ஸ்லைடைப் பார்த்தவர் கையெழுத்துக்கென்று ஒரு கட்டமும் நானே வரைந்தேன். அண்ணா அதைப் பார்த்துவிட்டு, "உன்னால எனக்கும் எழுத்து வேலை" என்று முணுமுணுத்தார். ஆனால் அன்றைக்கே முதல் கையெழுத்து அவருடையதுதான்.

வேலையெல்லாம் முடிந்த பிறகு அந்தக் கட்டையைப் பொருத்தினேன். அப்பாவின் பட்டையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு சீவத் தொடங்கினேன். இந்த முறை ஐந்து சீவலுக்கு ஒன்றை ஒட்டி, சாயம் ஏற்றி, ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ரோஜா. மறுபடி ரோஜா. மெழுகு, அடிப்பலகை தெரியுமளவுக்குத் தேய்ந்துவிட்டது. எட்டாவது ஸ்லைடில், முன்பு இருந்த இடத்தில் அல்ல, வேறு ஓரத்தில், ஊசிமுனை போல ஊதாப் புள்ளி ஒன்று வந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இன்னொரு கட்டி, சின்னது, ஆனால் சந்தேகமே இல்லை.

பெரிய டாக்டரிடம் காட்டி அனுமதி வாங்கினேன். நோட்டில் பதிந்து கையெழுத்துப் போட்டேன். பிறகு ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி, தீப்பெட்டிகளை ஒட்டிச் செய்த உறையில் வைத்து, தாம்பரம் தபாலாபீசில் அவள் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஓரத்தில் என் எழுத்து இருந்தது. அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.